ஃபிஞ்ச் குஞ்சுக்கு ரிங் போடுவது: தேதியைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா?

ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சின்னக் கூண்டுப் பறவையை வளர்க்கத் தொடங்கியவர்கள் முதல் ஈடு குஞ்சு பொரித்ததும் கேட்கும் கேள்வி, "எத்தனையாவது நாளில் ரிங் போடணும்?" என்பதுதான். ரிங் என்பது பறவையை அடையாளம் காண அதன் காலில் மாட்டும் வளையம். எட்டு முதல் பதினோரு நாளுக்குள் என்று பதில் சொல்லிவிடலாம். அந்தப் பதிலை மட்டும் நம்பி, கூடாக வைத்திருக்கும் பானைக்குள் கைவிட்டால், ஒரு குஞ்சுக்குப் போட்ட ரிங் கழன்று பானையின் அடியில் கிடக்கும், இன்னொன்றின் காலில் ஏறவே ஏறாது. நாள்கணக்கு உங்களைப் பானை வரைக்கும் கொண்டுபோகும், அவ்வளவுதான். போடலாமா வேண்டாமா என்பதைச் சொல்வது குஞ்சின் கால்.

உங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஜோடி, குஞ்சுகளை வளர்ந்ததும் கொடுத்துவிடப் போகிறீர்கள் என்றால் ரிங்கே வேண்டாம். காலில் ஏதோ ஒன்று மாட்டியிருப்பது பறவைக்குச் சிறிதளவாவது ஆபத்துதான். பயன் இருந்தால் மட்டும் அந்த ஆபத்தை ஏற்கலாம். இரண்டு மூன்று ஜோடிகள் சேர்ந்து, அவற்றின் குஞ்சுகளை ஒரே பெரிய கூண்டில் விடத் தொடங்கும்போதுதான் ரிங்கின் தேவை வருகிறது. ஜீப்ரா குஞ்சு மூன்று மாதத்துக்குள் ஜோடி சேரத் தயாராகிவிடும். அதற்குள் எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் உடம்பு, ஆரஞ்சு மூக்கு. அண்ணன் தங்கை யார் என்று கண்ணால் பிரிக்க முடியாது. சந்தையில், "சார், ரெண்டும் வேற வேற வீட்டுக் குஞ்சு" என்று சொல்லி விற்கப்படும் ஜோடிகளில் எத்தனை உண்மையிலேயே வேறு வேறு வீடு என்பது விற்பவருக்கே தெரியாது.

எந்த ரிங்

இரண்டு வகை உண்டு. ஒன்று, வெட்டே இல்லாத அலுமினிய வளையம். குளோஸ்டு ரிங் என்பார்கள். குஞ்சின் பாதம் சிறிதாக இருக்கும் சில நாட்களில் மட்டுமே ஏறும். பிறகு பாதம் பெருத்துவிடுவதால் கழற்ற முடியாது. அதில் வருடம், வளர்ப்பவரின் குறியீடு, வரிசை எண் அச்சடித்திருக்கும். இதன் மதிப்பே இந்தக் குறுகிய காலத்தில்தான் இருக்கிறது: சரியான அளவில் 2025 ரிங் போட்ட பறவை, கூட்டில் குஞ்சாக இருந்தபோதே மனிதர் கைபட்டது, அந்த வருடத்துக்கு முந்தைய கிழடு அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொன்று, ஒரு பக்கம் வெட்டியிருக்கும் பிளாஸ்டிக் ரிங். ஓபன் ரிங், ஸ்பிளிட் ரிங் என்று இரண்டு பெயரிலும் கேட்கலாம். பல நிறங்களில் வரும். கூட்டை விட்டு வெளியே வந்து தனியாகத் தின்னத் தொடங்கிய குஞ்சுக்கும், வளர்ந்த பறவைக்கும் எப்போது வேண்டுமானாலும் போடலாம், கழற்றவும் செய்யலாம். ஆனால் வயதுக்கோ பிறப்புக்கோ இது சாட்சி ஆகாது.

அளவு என்றால் உள்விட்டம். ஜீப்ரா, பெங்காலீஸ், கோல்டியன் என்ற மூன்று ஃபிஞ்ச் வகைகளுக்கும் பெரும்பாலும் 2.5 முதல் 2.9 மி.மீ. வரை பயன்படுத்துகிறார்கள். கண்காட்சிக்கென்று பெரிதாக வளர்த்த ஜீப்ராக்களுக்கு இதைவிடப் பெரிய அளவு வேண்டும். ஜாவா குருவிக்கு 3.3 முதல் 3.5 மி.மீ. பறவைக் கடையில் 'ஃபிஞ்ச் ரிங்' என்று கேட்டாலும் சில நேரம் பட்ஜிஸ் என்ற சின்னக் கிளிக்கான ரிங்கை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது 4 மி.மீ. அல்லது அதற்கு மேல். ஃபிஞ்ச் காலில் அது தொளதொளவென்று ஆடி, பின்விரல் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். வீட்டில் டிரில் பிட் இருந்தால் சோதித்துவிடலாம்: 2.5 பிட்டின் வழுவழுப்பான தண்டு ரிங்குக்குள் எளிதாகப் போக வேண்டும், 3 மி.மீ. பிட்டின் தண்டு போகக் கூடாது. அப்படியே விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சின்னப் பிசிறு இருந்தாலும் அந்த ரிங் வேண்டாம். நூல், ரப்பர் பேண்டு, வெட்டிய ஸ்டிரா, மின்சார ஒயரின் மேலுறை இதையெல்லாம் ரிங்குக்குப் பதிலாகக் கட்டுவதைப் பார்க்கிறோம். கால் அழுகி விழுவதற்கு நூல் ஒன்றே போதும்.

பெயர் போட்ட ரிங் செய்து வர நாளாகும். முட்டை வைத்த பிறகு ஆர்டர் கொடுத்தால், ரிங் வரும்போது குஞ்சு பறந்துகொண்டிருக்கும்.

எப்போது

முட்டை பொரித்த நாளை எழுதி வையுங்கள். ஜீப்ரா சுமார் 12 முதல் 14 நாள் அடைகாக்கும். முட்டை தினம் ஒன்றாக வரும், ஆனால் எல்லா முட்டையும் வந்த பிறகுதான் அடை உட்காரும் என்பதில்லை. அதனால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்காது. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒன்றிரண்டு நாள் வித்தியாசம் இருக்கும். பத்து கிராம் சொச்சம் எடைக்கு வளரப்போகும் பறவைக்கு அந்த இரண்டு நாள் மிகப் பெரிய இடைவெளி. ஒரே பானையில் ஐந்து குஞ்சு இருந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் ரிங் போட்டு முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெரியது மூன்றுக்கு இன்றைக்கு, சிறியது இரண்டுக்கு நாளை மறுநாள் என்றுதான் பெரும்பாலும் அமையும். முட்டை உணவு நன்றாகக் கிடைத்து, இரண்டே குஞ்சு இருக்கும் பானையில் ஏழாம் நாளே கால் தடித்துவிடுவதும் உண்டு. வெறும் தினையில் ஆறு குஞ்சை வளர்க்கும் ஜோடியிடம் பத்தாம் நாளும் ரிங் நழுவும்.

எனவே ஏழாம் நாளிலிருந்து தினம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மூன்று அடையாளங்கள் சேர வேண்டும்.

கண் கோடு போலத் திறக்கத் தொடங்கியிருக்கும். இறக்கையில் இறகுகள் இன்னும் குச்சிகுச்சியாக, உறைக்குள்ளேயே இருக்கும். நுனி மட்டும் லேசாக வெடித்திருக்கலாம். மூன்றாவது அடையாளத்தைப் புதியவர்கள் கவனிப்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம்: பானையின் உள்விளிம்பில் எச்சம் வட்டமாகப் படியத் தொடங்கியிருக்க வேண்டும். முதல் வாரத்தில் தாயும் தகப்பனும் குஞ்சின் எச்சத்தை உடனுக்குடன் அகற்றிக் கூட்டைத் துடைத்து வைத்ததுபோல் வைத்திருக்கும். அந்தச் சமயத்தில் பளபளக்கும் ஒரு வளையத்தை உள்ளே வைத்தால் அதையும் குப்பை என்று எண்ணிக் கொத்தி வெளியே எறியப் பார்க்கும். ரிங்கோடு சேர்ந்து குஞ்சும் வெளியே விழும். விளிம்பில் எச்சம் சேர்கிறது என்றால் பெற்றோர் துப்புரவு வேலையைக் கைவிட்டுவிட்டன என்று பொருள்.

பெங்காலீஸுக்கும் இதே கணக்கு, சில நேரம் ஒரு நாள் கூடுதல். கோல்டியனுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு நாள். கோல்டியன் தொந்தரவை அதிகம் பொறுக்காத பறவை. உங்களுக்கு இதுதான் முதல் முறை என்றால் பெங்காலீஸ் குஞ்சில் கை பழகுங்கள். பானைக்குள் கைவிட்டாலும் பெரிதாக அலட்டிக்கொள்ளாத பறவை அது.

பதினான்கு நாள் தாண்டிவிட்டதா, கூட்டைத் தொடாதீர்கள். குஞ்சுகள் பயந்து ஒன்றாகக் குதித்து வெளியே சிதறும். இன்னும் சரியாகப் பறக்கத் தெரியாது, திருப்பி உள்ளே வைத்தாலும் தங்காது. நாளைத் தவறவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை, பிற்பாடு பிளாஸ்டிக் ரிங் போட்டுக்கொள்ளலாம்.

போடும் விதம்

மாலை நேரம் நல்லது, இருட்டுவதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பு. அதற்குப் பிறகும் பெற்றோர் ஒரு சுற்று ஊட்ட நேரம் இருக்கும். பின் இருட்டிவிடுவதால் ரிங்கை உற்றுப் பார்த்துக் கொத்தவும் வாய்ப்பு குறைவு. ஊட்டி முடித்த உடனே எடுக்காதீர்கள். குஞ்சின் கழுத்துப் பக்கம் இரைப்பை உப்பி, தோல் வழியே தினை மணிகள் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அரை மணி நேரம் பொறுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். சன்னலையும் கதவையும் சாத்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மனித வாசனை பட்டால் தாய் குஞ்சை ஒதுக்கிவிடும் என்ற பயம் வேண்டாம், வளர்ப்பு ஃபிஞ்சுகள் அப்படிச் செய்வதில்லை. நீங்கள் பயப்பட வேண்டியது குளிர்ந்த கைக்கும், கல் தரைக்கும். மேசைமேல் மடித்த துண்டு ஒன்றை விரித்து, அதற்கு மேலேயே கையைத் தாழ்வாக வைத்து வேலை செய்யுங்கள். பக்கத்தில் ரிங், கொஞ்சம் வாஸ்லின், நுனி உடைத்து மழுக்கிய ஒரு பல்குச்சி, நோட்டு, பேனா.

குஞ்சின் முதுகு உங்கள் இடது உள்ளங்கையில் படும்படி மல்லாக்கப் பிடியுங்கள். தலை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருக்கட்டும். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சை அழுத்தினால் சத்தம் போடாமலே மூச்சு முட்டிப்போகும். விரல்கள் வேலிபோல் சுற்றி நிற்க வேண்டும், இறுக்கக் கூடாது.

இனி கால். ஃபிஞ்சுக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் காலைப் பிடித்து, முன்விரல் மூன்றையும் நேராக நீட்டி ஒன்றாகச் சேருங்கள். ரிங்கை அந்த மூன்று விரல் நுனியிலும் ஒருசேர நுழையுங்கள். விரல்கள் சேரும் இடத்தில் பாதம் கொஞ்சம் திரண்டிருக்கும். அங்கேதான் ரிங் தயங்கும். அளவான வளையல் கையில் ஏறும்போது கணுவிடத்தில் நின்று, பிறகு மணிக்கட்டில் தளர்வாக விழுமே, அதே உணர்வு உங்கள் விரல் நுனிக்குத் தெரியும். ஒரு துளி வாஸ்லின் தடவி, லேசாகத் திருகியபடி தள்ளினால் ஏறிவிடும். தள்ளும்போது பின்விரலைக் காலோடு ஒட்டினாற்போல் மேல்நோக்கி மடித்து வைத்திருங்கள். ரிங் இப்போது காலையும் பின்விரலையும் சேர்த்துக் கவ்வியிருக்கும். இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்துங்கள். பின்விரலின் நுனி நகம் ரிங்குக்குக் கீழே எட்டிப் பார்க்கும். மழுங்கிய பல்குச்சியை விரலுக்கும் காலுக்கும் நடுவில் விட்டு, விரலை மெல்ல வெளியே இழுத்துவிடுங்கள். பின்விரலை விடுவிக்க மறந்தால் சில நாளில் அந்த விரல் செத்துப்போகும். எனவே குஞ்சைக் கீழே வைக்குமுன் நான்கு விரலும் வெளியே இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

ரிங் பாதத்துக்கும் மேல் மூட்டுக்கும் இடையில் இருக்கிறது. மேலும் கீழும் தானாக நகர வேண்டும், சுழல வேண்டும். பிறகு காலைத் தொங்கவிட்டு ரிங்கை விரலால் கீழே லேசாகத் தள்ளிப் பாருங்கள். பாதத்தைத் தாண்டிக் கழன்று வந்தால் குஞ்சு இன்னும் சிறியது. எடுத்து வைத்துவிட்டு நாளை பாருங்கள். பாதத் திரட்சியில் ஏறவே இல்லை, வாஸ்லின் போட்டும் தோல் சுருண்டு வெளுக்கிறது என்றால் காலம் கடந்துவிட்டது. அங்கேயே நிறுத்துங்கள். பலம் கொடுத்து ஏற்றிய ரிங் ஒவ்வொன்றும் முறிந்த ஒரு விரலில் போய் முடியும். கடைசியாக வாஸ்லினைப் பஞ்சால் துடைத்து எடுங்கள், இறகு முளைக்கும் தோலில் பிசுக்கு ஒட்டக் கூடாது.

பழகிய கைக்கு ஒரு குஞ்சுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பழகாத கைக்கு ஏறவில்லை என்றால் குஞ்சைப் பானையில் வைத்துவிட்டு, நீங்கள் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். குஞ்சு வெளியே இருக்கும் நேரம் நீளக் கூடாது.

அலுமினிய ரிங் பளிச்சென்று இருந்தால் போடுவதற்கு முந்தைய நாளே கறுப்பு மார்க்கரால் மேற்பரப்பை மங்கலாக்கி உலரவிடலாம். சில நாளில் மை தானாகத் தேய்ந்துவிடும்.

அடுத்த மூன்று நாள் காலையில்

மறுநாள் விடிந்ததும் முதலில் கூண்டின் தட்டைப் பாருங்கள், பிறகு பானையை. தட்டில் ரிங் கிடந்தால் கழுவி மறுபடி போடுங்கள். குஞ்சே கீழே கிடந்து உடம்பு சில்லிட்டிருந்தால், உள்ளங்கையில் பொத்திச் சூடேறி அசைந்த பிறகு கூட்டில் வையுங்கள். அதே ஜோடி இரண்டாம் முறையும் குஞ்சை வெளியே போட்டால், அந்த ஜோடிக்குக் குளோஸ்டு ரிங் ஒத்துவராது. பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் இப்போது பாருங்கள். தேங்காய் நாரை நீளமாகவே விட்டிருந்தால் ரிங்கில் சுற்றிக்கொள்ளும். இரண்டு மூன்று அங்குலமாக வெட்டிக் கொடுக்க வேண்டும். சாக்கு நூல், பஞ்சுத் திரி, தலைமுடி எதுவும் கூட்டுக்குள் போகக் கூடாது.

பிளாஸ்டிக் ரிங், நிறங்கள்

குஞ்சு தனியாகத் தின்னத் தொடங்கி, பெற்றோரிடமிருந்து பிரிக்கும் நாள்தான் இதற்குச் சரி. ஜீப்ராவில் சுமார் ஐந்து வாரம். ரிங்கோடு வரும் சின்னக் கரண்டி போன்ற கருவியில் ஏற்றினால் வெட்டு விரியும், காலில் வைத்துக் கருவியை உருவிவிடலாம். இடைவெளி முழுதாக மூடியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். மூடாத இடைவெளியில் கூண்டுக் கம்பி மாட்டினால் பறவை இரவு முழுக்கத் தொங்கும்.

ஆறு நிறமும் இரண்டு காலும் இருந்தால், ஒரு பறவைக்கு ஒரு ரிங் என்றே பன்னிரண்டு அடையாளம் கிடைக்கும். இரண்டு காலிலும் ஒவ்வொன்று போட்டால் முப்பத்தாறு. புதியவர்கள் அதற்கு மேல் போக வேண்டியதில்லை. நீலமும் ஊதாவும் வெயிலில் வெளுத்தபின் ஒன்றுபோலத் தெரியும், அதில் ஒன்றை விட்டுவிடுங்கள்.

நிறத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நான்சி பர்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில், ஜீப்ரா ஃபிஞ்சுப் பெண்கள் சிவப்பு ரிங் போட்ட ஆண்களை அதிகம் நாடுவதாகவும், பச்சை ரிங் போட்டவற்றை ஒதுக்குவதாகவும் எழுதினார். சேவலின் மூக்கே சிவப்பு என்பதால் கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பிற்காலத்தில் இதைச் சோதித்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஜோடி நாமே சேர்த்து வைக்கும் கூண்டில் இதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

நோட்டு

ரிங் எண்ணுக்கு நேரே நோட்டில் வரி இல்லையென்றால் அது வெறும் நகை. குஞ்சைப் பானையில் திருப்பி வைத்த கையோடு எழுதுங்கள்: "17, வலது கால், கூண்டு 3 ஜோடி, இரண்டாம் ஈடு, பொரித்தது 4.11, ரிங் 13.11, கடைசிக் குஞ்சு, சிறியது." இவ்வளவு போதும். கடைசி இரண்டு சொல் தேவையா என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து 17 மெலிந்து நிற்கும்போது அந்த இரண்டு சொல்தான் காரணம் சொல்லும்.

காலனி முறையில், பத்து ஜோடியை ஒரே அறையில் விட்டு வளர்ப்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜீப்ராப் பெட்டை அடுத்தவர் கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போகும். சேவல்களும் சொந்த ஜோடியோடு நிற்பதில்லை. ஆகவே காலனியில் போட்ட ரிங், குஞ்சு எந்தப் பானையில் வளர்ந்தது என்று மட்டுமே சொல்லும். பெற்றோர் யார் என்று அறுதியிட்டுச் சொல்ல வேண்டுமானால் ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடிதான் வழி.

ரிங் அனுமதிச் சீட்டு அல்ல

ஜீப்ராவும் கோல்டியனும் ஆஸ்திரேலியப் பறவைகள், பெங்காலீஸ் முழுக்கக் கூண்டிலேயே உருவான இனம். நம் ஊர் வயல்களில் திரியும் புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை, சிவப்புச் சில்லை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. சாயம் பூசி, 'ஃபாரின் ஃபிஞ்ச்' என்று விற்பதுண்டு. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம், காலில் ரிங் மாட்டிவிட்டால் அது மாறிவிடாது. ஜாவா வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு வேலை: அது சைட்டீஸ் என்ற பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள பறவை, 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். அங்கே உங்கள் நோட்டு உதவும்.

மொட்டை மாடியிலோ உப்பளத்திலோ காலில் அலுமினிய ரிங்கோடு காட்டுப் பறவை ஏதாவது கிடைத்தால் அது வளர்ப்புப் பறவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாக வலசைப் பறவைகளுக்கு ரிங் போட்டுவருகிறது. எண்ணையும் எழுத்தையும் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பினால் போதும்.

கால் வீங்கினால்

மாதம் ஒருமுறை ரிங் போட்ட காலைப் பாருங்கள். ரிங் சுழலாமல் நின்றுவிட்டது, மேலும் கீழும் தோல் புடைத்திருக்கிறது, பறவை அந்தக் காலைத் தூக்கியே வைத்திருக்கிறது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கழற்ற வேண்டும். பிளாஸ்டிக் என்றால் கருவியாலேயே விரித்து எடுத்துவிடலாம். அலுமினியத்தை வீட்டு நகவெட்டியால் நறுக்கப் போகாதீர்கள். நசுங்கும் ரிங் காலையும் சேர்த்து நசுக்கும், அந்தக் கால் ஒரு தீக்குச்சி கனம்கூட இல்லை. பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ரிங் வெட்டும் கருவி இருக்கும். கொண்டுபோகும் வழியில் சின்னப் பெட்டியில், உட்காரும் குச்சியை எடுத்துவிட்டு, அடியில் துணி விரித்து வையுங்கள். கழற்றிய ரிங்கைத் தூக்கி எறியாமல் நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, தேதியை எழுதுங்கள். மறு காலில் அதே பறவைக்கு ஒரு பிளாஸ்டிக் ரிங்கைப் புண் முழுதாக ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.